வெள்ளை கார்ல பழுப்புப் புள்ளி: கிளே போட்டா கிளியர் கோட் திரும்ப வருமா?

தண்டையார்பேட்டை வெள்ளை · 18 ஜனவரி, இரவு 9.40

வெள்ளை ஹேட்ச்பேக், அஞ்சு வருஷ வண்டி. நிறுத்துறது ரயில்வே யார்டு சுவரை ஒட்டி, திறந்த வெளி. ரூஃப், பானட், டிக்கி முழுக்கக் குண்டூசி முனை அளவு பழுப்புப் புள்ளி. ஷாம்பூ போட்டுக் கழுவினாலும் போகலை. தடவினா உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கு. ஒரு பட்டறையில "பாடி துரு ஏறிடுச்சு, ஃபுல் பெயிண்ட் அடிச்சிடலாம்"னு சொல்றாங்க. இன்னொருத்தர் கிளே பார் (பெயிண்ட் மேல தேய்க்கிற களிமண் மாதிரிக் கட்டி) போட்டா கிளியர் கோட் (கலருக்கு மேல அடிக்கிற நிறமில்லாத பூச்சு) புதுசாயிடும்னு சொல்றார். எதை நம்புறது?

மைக்ரான் · 18 ஜனவரி, இரவு 10.25

ரெண்டையும் நம்பாதீங்க.

பின் பம்பரைப் பாருங்க. அது பிளாஸ்டிக். அதுலயும் அதே புள்ளி இருந்தா பாடி துருங்கிற பேச்சுக்கே இடமில்லை. பாடி துரு பெயிண்டுக்கு அடியிலேர்ந்து கிளம்பும், கொப்புளம் விடும், நகத்தால குத்தினா பெயிண்ட் செதிலா எழும்பும். ஆரம்பிக்கிற இடமும் கல்லடி பட்ட ஓரம், வீல் ஆர்ச் விளிம்பு, டோர் அடிப்பகுதி. ரூஃப் நடுவுல தூவி விட்ட மாதிரி சமமா வராது.

உங்க வண்டியில இருக்கிறது வெளியிலேர்ந்து வந்து விழுந்த இரும்புத்துகள். ரயில் சக்கரமும் தண்டவாளமும் உரசுறது, பிரேக் கட்டை தேயறது, யார்டுல வெட்டுறது, கிரைண்டிங், வெல்டிங் எல்லாத்துலேர்ந்தும் வரும். சூடா, கூர்மையா வந்து கிளியர் கோட்ல குத்தி உட்காரும். ராத்திரி பனியும் கடல் காத்து உப்பும் சேர்ந்து அதைத் துருப்பிடிக்க வைக்கும். நீங்க பார்க்கிற பழுப்பு அந்தத் துகளோட துரு. உங்க தகடு அடியில நல்லாத்தான் இருக்கும்.

அடுத்தது கிளே. அது எதையும் திரும்பக் கொண்டு வராது. கிளியர் கோட் கம்பெனியில அடிச்சது சுமார் 35லேர்ந்து 50 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு). பிரைமர், கலர் எல்லாம் சேர்த்தாலே பொதுவா 100லேர்ந்து 150தான். தேய்ஞ்சா தேய்ஞ்சதுதான், வளராது. கிளே செய்யிறது, மேலே நீட்டிக்கிட்டு இருக்கிற அழுக்கைப் பிடிச்சு இழுத்து எடுக்கிறது மட்டும். அடியில இருக்கிற கிளியர் கோட் நல்லா இருந்தா அது வெளியே தெரியும், அதைத்தான் "புதுசாயிடுச்சு"ங்கிறாங்க.

எக்ஸ்பிரஸ் ரோடு · 18 ஜனவரி, இரவு 11.02

யார்டு பக்கத்துல மட்டும் இல்ல, ராயபுரம், காசிமேடு வரைக்கும் இதே புள்ளிதான். ஹார்பர்லேர்ந்து வர்ற இரும்புத்தாது தூசு.

மைக்ரான் · 18 ஜனவரி, இரவு 11.20

அந்தக் கணக்கு பழசு. நிலக்கரி, இரும்புத்தாது மாதிரி தூசு கிளப்புற சரக்கையெல்லாம் ஐகோர்ட் உத்தரவுல 2011ல சென்னை ஹார்பரை விட்டு எண்ணூர் பக்கம் மாத்திட்டாங்க. அதோட தாதுங்கிறது ஏற்கெனவே ஆக்சைடு. மேலே படியும், தண்ணி அடிச்சா பெரும்பாலும் போயிடும். குத்தி உட்காருறது உலோகத்துகள்தான். ராயபுரத்துலயும் ரயில் போகுது, கன்டெய்னர் டிரெய்லர் பிரேக் தூசு இருக்கு, தெருவுக்குத் தெரு வெல்டிங் பட்டறை இருக்கு.

தண்டையார்பேட்டை வெள்ளை · 19 ஜனவரி, காலை 7.15

பார்த்துட்டேன், பின் பம்பர்லயும் அதே புள்ளி இருக்கு. கிளே வாங்கட்டுமா?

மைக்ரான் · 19 ஜனவரி, காலை 8.05

கிளே அப்புறம்தான். முதல்ல அதை எடுத்தீங்கன்னா அத்தனை இரும்புத்துகளும் கிளேயில ஒட்டி, அந்தக் கிளேயே உங்க பெயிண்டைக் கீறும். எதெல்லாம் ரசாயனத்துல கரையுமோ அதைக் கரைச்சு அனுப்பிட்டு, மிச்சத்துக்குத்தான் கை வைக்கணும்.

வரிசை இது: தண்ணி, ஷாம்பூ வாஷ், தார் எடுக்கிறது, அயர்ன் ரிமூவர் (இரும்புத்துகளைக் கரைக்கிற மருந்து), மறுபடி வாஷ், பாலித்தீன் கவர் சோதனை (கையில கவரை மாட்டித் தடவிச் சொரசொரப்பு பார்க்கிறது), தேவைப்பட்டா கிளே, அப்புறம் பாலிஷ் வேணுமான்னு பார்க்கிறது, கடைசியா வாக்ஸ் இல்லைன்னா சீலன்ட் (பெயிண்டைக் காக்கிற மேல்பூச்சு).

நேரம் காலை 6 மணிக்கு ஆரம்பிங்க. நம்ம ஊர்ல 9 மணிக்கு மேல பானட் கொதிக்கும், ஊத்துறதெல்லாம் காயும். அயர்ன் ரிமூவர் காய்ஞ்சா கறை விடும், அதை எடுக்கத் தனி வேலை. புறங்கையை பானட்ல வச்சா குளுமையா இருக்கணும்.

மைக்ரான் · 19 ஜனவரி, காலை 8.40

அயர்ன் ரிமூவர் பத்தி விரிவா.

உள்ளே இருக்கிற சரக்கு பெரும்பாலும் தயோகிளைகோலேட். பிஎச் நடுநிலைன்னு லேபிள்ல போட்டிருக்கும், அதனால நல்ல பெயிண்டை ஒண்ணும் பண்ணாது. இரும்போட சேர்ந்தா ஊதா நிறம் வரும். பியூட்டி பார்லர்ல முடி சுருட்டுற மருந்து வாடை அடிக்கும், கூடவே கூழ்முட்டை வாடையும். கிளவுஸ் போடுங்க, மாஸ்க்கும் போடுங்க, மூடின ஷெட்ல வேண்டாம்.

கழுவின வண்டியில தண்ணியை வடிய விட்டு அடிங்க. தண்ணி நிறைய நின்னா மருந்து நீர்த்துப் போகும். ஹேட்ச்பேக்குக்கு 300லேர்ந்து 500 மில்லி போகும். ஒரே மூச்சுல முழு வண்டிக்கும் அடிக்காதீங்க, ரூஃப் முடிச்சுட்டு பானட், அப்புறம் ஒவ்வொரு பக்கமா. 3லேர்ந்து 5 நிமிஷம் விடலாம், ஓரம் காயற மாதிரி தெரிஞ்சா உடனே தண்ணி. வெள்ளை வண்டியில பார்க்க நல்லா இருக்கும்: ஒவ்வொரு பழுப்புப் புள்ளியும் ஒரு ஊதாப் பொட்டா மாறி, வால் விட்டு டோர் வழியா வழியும். முன் சக்கரத்துக்குப் பின்னால உள்ள ஃபெண்டர்ல அதிகமா வழிஞ்சா பயப்படாதீங்க, அது உங்க சொந்த டிஸ்க் பிரேக் தூசு.

ஊதா வந்துட்டா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தமில்ல. கழுவிட்டு இன்னொரு தடவை அடிங்க. ரெண்டாவது தடவை ஊதா குறையணும். கறுப்பு வண்டியில ஊதா கண்ணுக்குத் தெரியாது, வழியிற தண்ணியை வெள்ளைத் துணியில ஒத்திப் பார்க்கணும்.

டிங்கர் ஷெட் · 19 ஜனவரி, காலை 10.30

அவ்வளவு காசு எதுக்கு? டைல்ஸ் ஆசிட் தண்ணியில கலந்து ஒரு துடை துடைச்சா புள்ளி போயிடும். நிறைய வாட்டர் வாஷ்ல அதான் பண்றாங்க.

மைக்ரான் · 19 ஜனவரி, காலை 10.50

போகும்ண்ணே, கூடவே குரோம் வேலைப்பாடும் அலாய் பளபளப்பும் போகும். டைல்ஸ் ஆசிட் ஹைட்ரோகுளோரிக். டோர் மடிப்பு, பானட் அடி விளிம்பு, கல்லடி பட்ட ஓட்டை, இங்கெல்லாம் உள்ளே இறங்கி நிக்கும், கழுவினாலும் முழுசா வராது. ஆறு மாசம் கழிச்சு அங்கேர்ந்துதான் நிஜமான பாடி துரு கிளம்பும். அப்ப ஃபுல் பெயிண்ட் உங்க ஷெட்டுக்குத்தான் வரும்ங்கிறது வேற விஷயம்.

டிங்கர் ஷெட் · 19 ஜனவரி, காலை 11.10

😂 வியாபார ரகசியத்தை வெளியே சொல்லாதீங்க தலைவரே. சரி, நானும் உருப்படியா ஒண்ணு சொல்றேன். வண்டி ஏற்கெனவே வெளியில பெயிண்ட் அடிச்சதான்னு முதல்ல பாருங்க. நம்ம பக்கம் பழைய வண்டிக்கு இன்னும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் அடிக்கிற ஆள் இருக்காங்க. பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் துணியில ரெண்டு சொட்டு தின்னர் தொட்டு வைங்க. கலர் துணியில கரைஞ்சு வந்தா என்.சி. அதுல தார் ரிமூவர், தின்னர் எதுவும் கிட்டக் கொண்டு போகக்கூடாது. பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்டா இருந்தா தாங்கும். அடிச்சு ரெண்டு மாசம் ஆகாத பேனல்ல கிளேயும் வேண்டாம், வாக்ஸும் வேண்டாம். உள்ளே இருக்கிற தின்னர் முழுசா வெளியேறணும்.

எக்ஸ்பிரஸ் ரோடு · 19 ஜனவரி, மதியம் 1.30

தாரைப் பத்தி யாரும் பேசலையே. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு, மணலி ரோடு ரெண்டுலயும் டிரெய்லர் பின்னாடி போனா டோர் அடி முழுக்கக் கறுப்புப் பொட்டு. நான் கெரசின்தான் போடுவேன்.

மைக்ரான் · 19 ஜனவரி, மதியம் 2.10

கெரசின் தாரைக் கரைக்கும், தப்பில்ல. ஆனா எண்ணெய்ப் படலம் விட்டுட்டுப் போகும், அதுல தூசு ஒட்டும். போட்ட இடத்தை ஷாம்பூ போட்டு ரெண்டு தடவை கழுவணும். டோர் ரப்பர் பீடிங்லயும் பெயிண்ட் அடிக்காத கறுப்பு பிளாஸ்டிக்லயும் பட விடாதீங்க. பெட்ரோல் வேண்டவே வேண்டாம், ஒரு பொறி பட்டாலே தீப்பிடிக்கிற சரக்கு.

முறை முக்கியம். துணியில நனைச்சுப் பொட்டு மேல ஒரு நிமிஷம் ஒத்தி வைங்க. கறுப்பு பழுப்பாகி இளகி ஓரம் கசியும். அப்ப மேலேர்ந்து கீழே ஒரே இழுப்பு. இளகுறதுக்கு முன்னாடி தேய்ச்சீங்கன்னா தாருக்குள்ள இருக்கிற மணல் கிளியர் கோட்ல கோடு போடும். தார்ப் பொட்டுன்னா எப்பவும் உள்ளே ஒரு மணல் இருக்குன்னு வச்சுக்குங்க.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துல எண்ணூர் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணியில நின்ன வண்டிகளுக்கும் இதே வழிதான். இன்னும் சில வண்டியில டோர் அடி விளிம்பு உள்பக்கம் அந்தக் கறுப்பு இருக்கு. தார் ரிமூவரை அங்கே ஸ்பிரே பண்ணாம பிரஷ்ல தொட்டுப் போடுங்க, வடிகால் ஓட்டை அடைபடாம பாருங்க.

தண்டையார்பேட்டை வெள்ளை · 21 ஜனவரி, காலை 9.20

அயர்ன் ரிமூவர் ரெண்டு தடவை அடிச்சேன். ரூஃப் ஊதாவா அழுதுச்சு. முக்கால்வாசிப் புள்ளி போயிடுச்சு. பாலித்தீன் கவரைக் கையில மாட்டித் தடவினா இன்னும் பானட்ல நெறுநெறுங்குது.

மைக்ரான் · 21 ஜனவரி, காலை 10.00

இப்பதான் கிளே. ஃபைன் கிரேடு, 100 கிராம் கட்டி போதும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல ஆக்சஸரி கடைகள்ல கிடைக்கும். ஹெவி கிரேடும் கொடுப்பாங்க. பெயிண்ட் ஸ்பிரே தூறல் விழுந்த வண்டியா இருந்தா ஒழிய அது வேண்டாம். கலரை வச்சு கிரேடு சொல்ல முடியாது, ஒவ்வொரு கம்பெனியும் ஒரு மாதிரி, லேபிளைப் படிங்க.

கட்டியை மூணாப் பிரிங்க. ஒண்ணை மட்டும் எடுத்துப் பிசைஞ்சு, மூணு விரல் அகலத்துக்குத் தட்டையாக்குங்க. மிச்சம் டப்பாவுல. மொத்தத்தையும் கையில எடுத்துக் கீழே போட்டுட்டா மொத்தமும் குப்பைதான்: தரையில பட்ட கிளேயைக் கழுவி எடுத்துக்கலாம்னு நினைக்காதீங்க, உள்ளே ஏறின மணல் வராது.

வழுக்குறதுக்கு 1 லிட்டர் தண்ணியில 10 மில்லி கார் ஷாம்பூ, ஸ்பிரே பாட்டில்ல. பாத்திரம் கழுவுற லிக்விட் போடாதீங்க, சில கிளே அதுல உதிர ஆரம்பிக்கும். ரெண்டு அடிக்கு ரெண்டு அடி இடம், பேனல்லயும் அடிங்க, கிளேயிலயும் அடிங்க. நேர்கோட்டுல போங்க, வட்டம் சுத்தாதீங்க. நேர்கோட்டுக் கீறல் விழுந்தா ஒரு கோணத்துலதான் தெரியும், வட்டக் கீறல் எந்தப் பக்கத்துலேர்ந்து பார்த்தாலும் வெயில்ல சிலந்தி வலையா மின்னும்.

அழுத்தம் கொடுக்காதீங்க. விரல் எடையே போதும். முதல் ரெண்டு மூணு இழுப்புல சரசரன்னு சத்தமும் கையில ஒரு பிடிப்பும் தெரியும். அது குறைஞ்சு சத்தமே இல்லாம வழுக்க ஆரம்பிச்சா அந்த இடம் முடிஞ்சது. கீச்சுன்னு சத்தம் வந்தா தண்ணி பத்தலை. நின்னு போச்சுன்னா இழுக்காதீங்க, ஸ்பிரே பண்ணிட்டு எடுங்க.

ஒவ்வொரு இடம் முடிஞ்சதும் கிளேயோட முகத்தைப் பாருங்க. பழுப்புக் கோடு, கறுப்புக் கோடு இருக்கும். உள்பக்கமா மடிச்சுப் புது முகம் எடுங்க. மடிச்சும் அழுக்கே தெரிஞ்சா அந்தத் துண்டைத் தூக்கிப் போடுங்க.

ரூஃப், பானட், டிக்கி, டோர் மேல்பாதி, கடைசியா டோர் கீழ்ப்பாதி. கீழ்ப்பாதியில பட்டது மறுபடி மேலே போகக்கூடாது. விண்ட்ஷீல்டுக்கும் போடலாம், அதுக்குத் தனித் துண்டு. வைப்பர் டரடரன்னு குதிக்கிறது பாதி நின்னுடும்.

மைக்ரான் · 21 ஜனவரி, காலை 10.35

சேர்க்க வேண்டியது: கிளே பத்தின வெளிநாட்டு வீடியோவுல வெந்நீர்ல போட்டு இளக்கச் சொல்வாங்க. அது குளிர் நாட்டுக்கு. இங்கே நேர் எதிர்: கையிலயே குழைஞ்சு, பேனல்ல பசையா ஒட்டும். பக்கத்துல ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணி வச்சு, நடுநடுவே கிளேயை அதுல போட்டு எடுங்க. ஒட்டிக்கிட்டா நகத்தால சுரண்டாதீங்க, ஸ்பிரே அடிச்சு, அதே கிளேயால ஒத்தி எடுத்தா வந்துடும்.

எக்ஸ்பிரஸ் ரோடு · 21 ஜனவரி, மாலை 6.15

இன்னா தல, இவ்ளோ சொன்னீங்க, சாம்பலைப் பத்தி சொல்லலையே. அத்திப்பட்டு அனல் மின் நிலையம் பக்கம் வேலை. சாயங்காலம் வண்டி எடுக்கிறப்ப சாம்பல் கலர். போகி முடிஞ்சும் ஒரு கோட்டிங் வேற.

மைக்ரான் · 21 ஜனவரி, இரவு 8.50

பறக்கும் சாம்பல் குத்தி உட்காராது. அதுக்குக் கிளே தேவையில்ல. ஆனா வண்டியை அதிகம் கெடுக்கிறது அதுதான், காரணம் துடைக்கிற முறை. சாம்பல்ல பெரும்பங்கு சிலிக்காவும் அலுமினாவும், கிளியர் கோட்டைவிடக் கடினம். காலையில ஒருத்தர் ஒரே பக்கெட் தண்ணி, ஒரே மஞ்சத் துணியோட பத்து வண்டி துடைச்சுட்டுப் போவாரே, அந்தத் துடைப்புலதான் பளபளப்பு போகுது. இறகு டஸ்டரும் அதே வேலைதான். காய்ஞ்ச சாம்பல் மேல எதையும் தேய்க்காதீங்க: முதல்ல தண்ணி மட்டும், மேலேர்ந்து கீழே, அழுத்தமா. அப்புறம் ரெண்டு பக்கெட், ஒண்ணுல ஷாம்பூ, ஒண்ணுல துணி அலச. ராத்திரிப் பனியில நனைஞ்சு காய்ஞ்ச சாம்பல் காரத்தன்மையோட ஒட்டும், வாரக்கணக்குல விடாதீங்க.

போகிக் கரி, டயர் எரிச்ச பிசுக்கு எல்லாம் தார் மாதிரி. ஷாம்பூவுல போகலைன்னா தார் ரிமூவர், லேசா.

தண்டையார்பேட்டை வெள்ளை · 23 ஜனவரி, இரவு 9.05

கிளே முடிஞ்சது. தடவினா கண்ணாடி. ரெண்டு பிரச்சினை. ஒண்ணு, பானட்ல சில இடத்துல புள்ளி போயும் சின்னக் குழி தெரியுது. ரெண்டாவது, பைப் தண்ணிப் பொட்டு வெள்ளை வட்டமா அப்படியே இருக்கு, கிளே அதைத் தொடவே இல்ல.

மைக்ரான் · 23 ஜனவரி, இரவு 9.45

குழி: துகள் ரொம்ப நாள் இருந்து, துருப்பிடிச்சு, கிளியர் கோட்டைத் தின்ன இடம். விட்டுடுங்க. அதைச் சமமாக்கணும்னா சுத்தி இருக்கிற நல்ல கிளியர் கோட்டை குழி ஆழத்துக்குக் குறைக்கணும். 40 மைக்ரான்ல 10ஐ ஒரு குழிக்காகக் கொடுக்கிறது நஷ்டம். புற ஊதாவைத் தடுக்கிற சரக்கும் அதுலதான் இருக்கு. மெலிஞ்சுட்டா நம்ம வெயில்ல சீக்கிரமே உரிய ஆரம்பிக்கும். காக்கா எச்சம் தின்ன தடத்துக்கும் இதே பதில்.

வெள்ளை வட்டம்: போர் தண்ணி. கால்சியம், மக்னீசியம் காய்ஞ்ச உப்பு. கடற்கரை ஓரம் போர்ல டி.டி.எஸ். (தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்போட அளவு) ஏகத்துக்கும் இருக்கும். கிளே சொரசொரப்பை எடுக்கும், படிஞ்ச உப்பைக் கரைக்காது. மளிகைக் கடை வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணி ஒரு பங்கு. துணியில நனைச்சு வட்டத்து மேல ஒண்ணு ரெண்டு நிமிஷம், காய விடாம கழுவிடுங்க. அதுலயும் நிக்கிறது பெயிண்டைத் தின்ன தடம், அதைப் பாலிஷ்தான் எடுக்கும்.

எக்ஸ்பிரஸ் ரோடு · 23 ஜனவரி, இரவு 10.00

ஆர்.ஓ. தண்ணியில கழுவுனா இந்தத் தொல்லையே இல்லையே? எங்க அபார்ட்மெண்ட்ல ஆர்.ஓ. வெளியேத்துற தண்ணியைப் பிடிச்சு வண்டிக்கு விடுறாங்க.

மைக்ரான் · 23 ஜனவரி, இரவு 10.12

வெளியேத்துற தண்ணிதான் மோசம். குடிக்கிற பக்கம் போகாத உப்பெல்லாம் சேர்ந்து அங்கேதான் வருது, போர் தண்ணியைவிட அடர்த்தி. சேறு அடிக்க வேணா பயன்படுத்துங்க, கடைசி அலசலுக்குக் கூடாது. கடைசி அலசலுக்கு மெட்ரோ வாட்டர், அதுவும் நிழல்ல, உடனே மைக்ரோஃபைபரால ஒத்தி எடுக்கணும். அதைவிட நல்லது ஏ.சி.யிலேர்ந்து சொட்டுற தண்ணி. ஆவி குளிர்ந்து வர்றதால உப்பு கிட்டத்தட்ட இருக்காது. ஒரு ராத்திரிக்கு ஒரு பக்கெட் வரும், துணியில வடிகட்டிட்டு கிளே ஸ்பிரேக்கும் அதையே கலந்துக்கலாம்.

டிங்கர் ஷெட் · 24 ஜனவரி, காலை 8.20

கிளே போட்டுட்டு அப்படியே விட்டுடாதீங்க தம்பி. இருந்த வாக்ஸ் எல்லாம் அதோட போயிடுச்சு, இப்ப பெயிண்ட் அம்மணமா நிக்குது. யார்டு பக்கத்துல ஒரு வாரம் விட்டா மறுபடி ஆரம்பம். மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டுல அடிச்சுப் பாருங்க, வெள்ளை வண்டியில கிளேக் கோடு பெரும்பாலும் தெரியாது. தெரிஞ்சா டி.ஏ. மெஷின் (சுத்திக்கிட்டே ஆடவும் செய்யிற பாலிஷ் மெஷின்), மெத்து ஃபோம் பேட், ஃபினிஷிங் பாலிஷ். முச்சந்தியில ரோட்டரி மெஷின்ல ரப்பிங் காம்பவுண்டு போட்டு உருட்டுறவங்க கிட்ட கொடுக்காதீங்க, பானட் விளிம்புல ஒரே நிமிஷத்துல கலர் வரைக்கும் போயிடும்.

மைக்ரான் · 24 ஜனவரி, காலை 9.00

டிங்கர் அண்ணன் சொன்னதுதான். கூட ரெண்டு வரி. செராமிக் கோட்டிங் போட்ட வண்டிக்கு அயர்ன் ரிமூவரோட நிறுத்திக்குங்க, கிளே கோட்டிங்கோட வழுக்குத்தன்மையைக் குறைக்கும். மேட் ஃபினிஷ் பெயிண்டுக்குக் கிளே கூடவே கூடாது, தேய்ச்ச இடம் மட்டும் பளபளக்கும்.

உங்க வண்டி நிக்கிற இடத்துக்கு சீலன்ட் போட்டுட்டு, மூணு நாலு மாசத்துக்கு ஒரு தடவை அயர்ன் ரிமூவர் மட்டும். கிளேக்குத் தேதி வைக்காதீங்க, பாலித்தீன் கவர் நெறுநெறுன்னா மட்டும் எடுங்க. மிச்சமிருக்கிற ரெண்டு துண்டையும் அதே டப்பாவுல கொஞ்சம் ஷாம்பூத் தண்ணி தெளிச்சு இறுக்கி மூடி வைங்க, காத்துப் பட்டா இறுகி ஓரம் உடையும். டேஷ்போர்டுல வைக்காதீங்க.